தொலைநோக்கிக்குத் தண்டையார்பேட்டையைச் சொல்லிக்கொடுங்கள்

வட சென்னையில் ஒரு மொட்டை மாடியில் நின்று இரவு எட்டு மணிக்கு நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். மேகமே இல்லாத நாளில்கூடச் சில டஜன்தான் தேறும். துறைமுக விளக்குகள், தெருவெல்லாம் எரியும் எல்இடி, கடல் காற்றில் எந்நேரமும் இருக்கும் ஈரம் எல்லாம் சேர்ந்து வானத்தை வெளுக்கடித்துவிடுகின்றன. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த நட்சத்திரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தாவிப் போய் ஒரு நட்சத்திரக் கொத்தைப் பிடிக்கும் பழைய வழி இங்கே பாதியில் நின்றுவிடும். இடையில் இருக்கும் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணில் பட்டால்தானே தாவ முடியும்?

அதனால்தான் கேட்ட பொருளின் பக்கம் தானே திரும்பும் கம்ப்யூட்டர் தொலைநோக்கியை நம் பகுதிக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்கிறேன். இருட்டான கிராமத்தில் இருப்பவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருப்பவருக்கு அது இல்லாமல் பல பொருள்களைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். ஆனால் வாங்கி வந்த முதல் வாரத்திலேயே "இது வேலை செய்யலீங்க, எங்கேயோ சுவரைப் பார்க்குது" என்று பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. தான் எங்கே நிற்கிறது, இப்போது மணி என்ன என்பது அதற்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். குழாயும் லென்ஸும் கண்ணாடியும் மற்ற தொலைநோக்கிகளில் இருப்பவைதான். கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். திரையில் படம் வராது. (திரையில் படம் காட்டும் கேமரா வகைகள் இப்போது வருகின்றன, அது வேறு கதை.) வித்தியாசம் குழாயைத் தாங்கும் மவுண்டில் இருக்கிறது. அதில் இரண்டு மோட்டார்கள். ஒன்று குழாயை இடம் வலமாகச் சுற்றும், இன்னொன்று மேலும் கீழும் ஏற்றி இறக்கும். கையில் பிடிக்கிற ரிமோட்டில் ஆயிரக்கணக்கான பொருள்களின் முகவரிகள் இருக்கும். பூமியில் அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல வானத்துக்கும் உண்டு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அதில் ஓர் இடம். அது மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாறுவது நம் மாடிதான். பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. எட்டு மணிக்கு ஒரு நட்சத்திரம் இருந்த திசையில் ஒன்பது மணிக்கு அது இருக்காது. திருநெல்வேலியில் தெரிகிற உயரத்தில் சென்னையில் தெரியாது. ஆகவே முகவரியைத் திசையாக மாற்ற ரிமோட்டுக்கு மூன்று விவரங்கள் தேவை: எந்த ஊர், என்ன நேரம், குழாய் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது. முதல் இரண்டை நாம் பட்டனில் தட்டிக் கொடுக்கிறோம். மூன்றாவதை இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிப் புரியவைக்கிறோம். அந்த வேலைக்குப் பெயர் அலைன்மென்ட். முழு சென்னை மேப்பும் மனப்பாடமாகத் தெரிந்த ஆட்டோக்காரரைக் கண்ணைக் கட்டிக்கொண்டுபோய் ஓர் இடத்தில் இறக்கிவிட்டால், தான் நிற்பது மிண்ட்டா மூலக்கொத்தளமா என்று தெரியும்வரை அவரால் வண்டியை எடுக்க முடியாது. பெட்டியிலிருந்து எடுத்த தொலைநோக்கியின் நிலையும் அதுதான்.

ஊரும் நேரமும்

போனில் மேப்பைத் திறந்து உங்கள் வீட்டின் மேல் அழுத்திப் பிடித்தால் எண் வரும். தண்டையார்பேட்டைக்குச் சுமார் 13.12 வடக்கு, 80.29 கிழக்கு. இதை அப்படியே ரிமோட்டில் போடும்போதுதான் சிக்கல். பல ரிமோட்டுகள் பாகையும் கலையும் கேட்கும். ஒரு பாகைக்கு 60 கலை. அதனால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.12 × 60 என்றால் 7. ஆக 13 பாகை 7 கலை வடக்கு, 80 பாகை 17 கலை கிழக்கு. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இதில் சில கலைகள்தான் வித்தியாசம். அந்த அளவு பிசகினால் ஒன்றும் ஆகாது. கிழக்கு என்ற இடத்தில் மேற்கு என்று விட்டுவிட்டால் மட்டும் தொலைநோக்கி தன்னைக் கரீபியன் கடலில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ரிமோட்டில் முதலில் வருவது பல நேரம் மேற்குதான், கவனம்.

தேதியைப் பெரும்பாலான ரிமோட்டுகள் அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், வருடம் என்ற வரிசையில் கேட்கும். மார்ச் 5-ஆம் தேதியை நம் பழக்கத்தில் 05/03 என்று அடித்தால் அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். டேலைட் சேவிங், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் வழக்கம், உண்டா என்றும் கேட்கும். இந்தியாவில் கிடையாது, இல்லை என்றே கொடுங்கள்.

அப்புறம் நேர மண்டலம். நமக்கு +5:30. இதைப் போடாமல் பூஜ்யத்தில் விட்டுவிட்டு நம் கடிகார நேரத்தை அடித்தால், ஐந்தரை மணி நேரம் × 15 பாகை, அதாவது 82.5 பாகை தள்ளிப் போய்த் தேடும். கிட்டத்தட்ட கால் வட்டம். "சுவரைப் பார்க்குது" என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சில ரிமோட்டுகளில் அரை மணிக் கணக்கே இருக்காது, முழு மணிகள் மட்டும் இருக்கும். அப்போது ஒரு வழி உண்டு. மண்டலத்தைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துப் போடுங்கள். இரவு 8 மணி என்றால் 14:30. நள்ளிரவு தாண்டிவிட்டால் விடிகாலை ஐந்தரை வரை முந்தைய நாள் தேதியைப் போட வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது.

தீர்க்கரேகையைக் கொடுத்த பிறகு நேர மண்டலம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்கு ரேகைக்காக ஓடுகிறது. சென்னை இருப்பது 80.3-இல். அதனால் நம் வானம் நம் கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. மண்டலம் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள, தீர்க்கரேகை வானத்தைப் புரிந்துகொள்ள. இரண்டும் வேண்டும். இந்த ஒன்பது நிமிடத்துக்குப் பின்னால் நம் ஊர்ப் பெருமையும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துத்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரம் கணக்கிடப்பட்டது. இந்திய ரயில்கள் அந்த நேரப்படி ஓடின. 1861-இல் வானியலாளர் நார்மன் போக்சன் ஏஷியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது அந்த வானாய்வகத்தில். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். வானம் பார்ப்பது இந்த நகரத்துக்குப் புதுசு இல்லை.

போன் ஆப் மூலம் இயங்கும் மாடல்கள் ஊரையும் நேரத்தையும் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த வகை உங்களிடம் இருந்தால் இவ்வளவு கணக்கும் மிச்சம்.

மாடியில் வைக்கும்போது

இருட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குழாயின் மேலே சிவப்புப் புள்ளி காட்டும் ஃபைண்டர் ஒன்று இருக்கும். அது காட்டும் இடமும் குழாய் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செல்போன் டவர் உச்சி, தேவாலயக் கோபுரம், துறைமுக கிரேன் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் ஐபீஸை (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டு அதைக் குழாயின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டர் திருகுகளைத் திருப்பிச் சிவப்புப் புள்ளியை அதே உச்சியில் உட்கார வையுங்கள். பகலில் அஞ்சு நிமிட வேலை. இரவில் செய்யப் போனால் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பகலில் குழாயைத் திறப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. குழாயின் வாய் முழுவதையும் மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும், திரும்ப வராது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது பகலில் மோட்டாரை ஓட்டாதீர்கள். அது தானாகச் சுற்றிச் சூரியனைக் கடந்து போகலாம். சின்ன ஃபைண்டர் லென்ஸுக்கும் இதே விதிதான்.

மாடித் தரை மட்டமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். முக்காலியில் இருக்கும் நீர்மட்டக் குமிழைப் பார்த்துக் கால்களைச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரண்டு நட்சத்திர அலைன்மென்ட் அதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் மட்டமாக இருந்தால் முதல் நட்சத்திரத்தைத் தேடுவது சுலபமாகும். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ஒன்பது, பத்து மணி வரை சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டில் வியாழனின் விளிம்பு அலையடிக்கும். கோள்களைப் பார்ப்பதைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்க நேர்ந்தால் வேறு மூலைக்கு மாறிவிடுங்கள்.

கருவியை ஏசி அறையில் வைத்திருந்து நேராக மாடிக்குக் கொண்டுவந்தால் நம் ஊர் ஈரக்காற்று பட்டவுடன் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும். அதைத் துணியால் துடைக்காதீர்கள், கோட்டிங் கீறும். மூடியைக் கழற்றாமல் அரை மணி வெளியில் வைத்துவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கூடவே, பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் தெருக்களில் ஒரு வீட்டு மாடிக்கும் அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் கை நீட்டும் தூரம்தான். குழாயைப் பார்த்து அவர்கள் சங்கடப்படுவது இயல்பு. "அக்கா, சனி கிரகம் பார்க்கப் போறோம், பசங்களை அனுப்புங்க" என்று கூப்பிட்டால் சந்தேகம் போய் அடுத்த வாரம் அவர்களே கேட்பார்கள்.

அலைன்மென்ட்

இதை நிதானமாகச் செய்தால் மீதி இரவு முழுக்கத் தொலைநோக்கி சொன்ன பேச்சைக் கேட்கும். சில மாடல்கள் தொடங்கும்போது குழாயை வடக்கு நோக்கிப் படுக்கையாக வைக்கச் சொல்லும். துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். நம் அட்சரேகை 13 என்பதால் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். எண்ணூர், மணலிப் பக்க வெளிச்சத்தில் தெரிவது அபூர்வம். போன் திசைகாட்டியையும் தண்ணீர்த் தொட்டிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் நம்ப முடியாது. கடலைப் பார்த்து நில்லுங்கள், இடது கைப் பக்கம் சுமாராக வடக்கு. தொடங்குவதற்கு அது போதும்.

அடுத்து இரண்டு நட்சத்திரங்கள். எவை என்பது முக்கியம். ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி, வேறு வேறு திசைகளில் இருக்க வேண்டும். அடிவானத்துப் புகையிலும் இருக்கக் கூடாது, தலைக்கு நேர் மேலேயும் இருக்கக் கூடாது. பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கு வடக்கே கேப்பெல்லா, தென்கிழக்கே சிரியஸ் என்ற ஜோடி அருமையாக வேலை செய்யும். சிரியஸும் தெற்கே இருக்கும் கானோபஸும், அதாவது நம் அகத்திய நட்சத்திரமும், பளிச்சென்று தெரிவதால் பலர் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் இருப்பதால் அந்த ஜோடி அவ்வளவு நல்லதில்லை. மே நடுவில் அதே நேரத்துக்குத் தென்கிழக்கில் ஸ்பைகா, வடமேற்கில் போலக்ஸ். போலக்ஸுக்குப் பக்கத்திலேயே கேஸ்டர் என்று இன்னொன்று இருக்கும். லேசான மஞ்சளாக, கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாக இருப்பது போலக்ஸ். வெள்ளையாக இருப்பது கேஸ்டர்.

ரிமோட்டில் வரும் பெயர்கள் அரபியும் லத்தீனுமாக இருக்கும். அவற்றில் பல நாம் ஜாதகத்தில் பார்த்துப் பழகியவைதான். பெட்டல்ஜியூஸ் திருவாதிரை, ஆல்டெபரான் ரோகிணி, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம், போலக்ஸ் புனர்பூசம். இந்த எட்டையும் வானத்தில் அடையாளம் கண்டுகொண்டால் வருடத்தின் எந்த மாதத்திலும் அலைன்மென்ட்டுக்கு ஆள் கிடைக்கும்.

சரி, முதல் நட்சத்திரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறி பட்டன்களால் குழாயை அதன் பக்கம் கொண்டுபோங்கள். சிவப்புப் புள்ளியில் பிடித்து, பிறகு ஐபீஸில் பாருங்கள். நட்சத்திரம் ஓரத்தில் எங்காவது இருக்கும். இப்போது ஒரு காரியம் செய்யுங்கள்: ஃபோகஸ் திருகைத் திருப்பி நட்சத்திரத்தை வேண்டுமென்றே கலங்கலாக்குங்கள். ஊசிமுனை மாதிரி இருந்தது ஒரு வட்டத் தட்டாகப் பெரிதாகும். ஐபீஸின் வட்டத்துக்குள் இந்த வட்டத்தை நடுவில் உட்காரவைப்பது புள்ளியை நடுவில் வைப்பதைவிடப் பல மடங்கு சுலபம். கடைசி அசைவை எப்போதும் ஒரே மாதிரி, மேல் பட்டனும் வலது பட்டனும் அழுத்தி முடியுங்கள். நட்சத்திரத்தைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய் மறுபடி அதே பக்கத்திலிருந்து வாருங்கள். மோட்டாரின் பல்சக்கரங்களுக்கு இடையே கொஞ்சம் தளர்வு இருக்கும், ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அந்தத் தளர்வு கணக்கைக் கெடுக்காது. உங்கள் மாடலுக்கு எந்த இரண்டு பட்டன்கள் என்று கையேட்டில் போட்டிருக்கும். முடிந்தால் 10 மில்லிமீட்டர் ஐபீஸுக்கு மாறி இன்னொரு முறை நடுவாக்கிவிட்டு ஓகே கொடுங்கள்.

இரண்டாவது நட்சத்திரத்துக்குப் பல மாடல்களில் தொலைநோக்கியே பக்கத்தில் போய் நிற்கும். அதையும் இதேபோல முடித்தால் ரிமோட்டில் வெற்றி என்று வரும். தவறு என்று வந்தால் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளியும் நீங்கள் காட்டிய இடைவெளியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஏதோ ஒன்றின் பெயர் மாறியிருக்கிறது.

வெற்றி என்று வந்த பிறகும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களுக்கெல்லாம் துல்லியமாகப் போய், நிலாவுக்கும் கோள்களுக்கும் மட்டும் தள்ளிப் போகிறதா? பெரும்பாலும் தேதி தப்பாக இருக்கும். நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது, தேதி மாறினால் அது இருக்கும் இடமே வேறு. வானத்தின் ஒரு பாதியில் சரியாகவும் மறுபாதியில் தப்பாகவும் போனால் நட்சத்திர ஜோடி ஒரே பக்கத்தில் இருந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்து திடீரென்று மோட்டார் பித்துப் பிடித்ததுபோலச் சுற்றினால் பேட்டரி இறங்கிவிட்டது. உள்ளே போடும் சின்ன பேட்டரிகளை நான் நம்புவதில்லை. மாடல் கேட்கும் அளவுள்ள 12 வோல்ட் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டிலிருந்து வயர் இழுத்தால் கரண்ட் போனதும் அலைன்மென்ட்டும் போய்விடும். தெரு விளக்குகள் அணைந்து வானம் நன்றாக இருக்கும் நேரம் அதுதான், அப்போது கருவி ஓட வேண்டாமா?

தலைக்கு மேலே ஒரு பிரச்சினை இருப்பதாகச் சொன்னேன். இந்த வகை மவுண்ட் தன் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் பொருளைத் தொடர்வதற்கு அடியிலிருந்து வேகமாகச் சுழல வேண்டும், அங்கே தடுமாறும். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். ரெகுலஸ் நம் உச்சியிலிருந்து சுமார் ஒன்றேகால் பாகை தூரத்தில் கடந்து போகிறது. ரோகிணி, திருவோணம், கோள்கள் பலவும் உச்சிக்குப் பக்கத்தில் வருகின்றன. ஒரு மணி நேரம் பொறுத்தால் 15 பாகை இறங்கிவிடும், அப்போது பாருங்கள்.

எதைப் பார்க்கலாம்

எந்தத் திசை என்பதை முதலில் யோசியுங்கள். நமக்குத் தெற்கே முழு நகரத்தின் வெளிச்சம், வடக்கே ஆலைகள். கிழக்கே வங்காள விரிகுடா இருப்பதால் அந்தப் பக்கம்தான் வட சென்னையின் நல்ல வானம். ஒரு பொருள் கடல் பக்கத்திலிருந்து ஏறி 40, 50 பாகை உயரத்துக்கு வந்ததும் பிடிப்பது என் வழக்கம்.

நிலாவும் கோள்களும் நகர வெளிச்சத்துக்குக் கட்டுப்படாதவை. சனியின் வளையம் 40, 50 மடங்கிலேயே தெரிந்துவிடும். உருப்பெருக்கத்தைக் கண்டுபிடிக்கக் குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுங்கள்: 1500 மில்லிமீட்டர் குழாயில் 25 ஐபீஸ் போட்டால் 60 மடங்கு. பெட்டியில் 500 மடங்கு என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். வாயின் அகலம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதன் இரண்டு மடங்குதான் உச்ச வரம்பு, சாதாரண இரவில் 100, 150-தான் உருப்படியாக இருக்கும். வியாழனின் நாலு நிலவுகள், 1610-இல் கலிலியோ பார்த்த அதே நாலு, சில மணி நேரத்தில் இடம் மாறுவதை ஒரே இரவில் பார்க்கலாம்.

இரட்டை நட்சத்திரங்களும் வெளிச்சத்தைப் பொருட்படுத்தாதவை. அல்பிரியோ என்ற ஜோடியில் ஒன்று பொன்னிறம், பக்கத்தில் ஒன்று நீலம். ஓரையன் நெபுலா என்ற வாயு மேகம் பிப்ரவரியில் நம் மாடியிலேயே சாம்பல் நிற மூட்டமாகத் தெரியும், போட்டோவில் வரும் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். மே மாதம் இரவு பத்து மணிக்கு ஒமேகா சென்டாரியை ரிமோட்டில் தட்டுங்கள். தெற்கே 29 பாகை உயரத்தில், நகர வெளிச்சத்தின் நடுவே, வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. ஐபீஸில் பார்த்தால் மங்கலான உருண்டையாக ஒரு பஞ்சுப் படலம். பல லட்சம் நட்சத்திரங்கள் கூடிய கொத்து அது. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தாவித் தாவித் தேடியிருந்தால் இந்த வானத்தில் அதைப் பிடிப்பது மிகவும் கடினம், மோட்டார் ஒரே நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஜனவரி முதல் மே வரைதான் நமக்கு நல்ல காலம். போகிக்கு முந்தைய இரவும் போகியும் புகை, விட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த மாதங்களில் கருவியைச் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு மூடி வையுங்கள். கடலோர ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு. தினமும் ஒரே இடத்தில் வைப்பவராக இருந்தால் முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் குறி போட்டுவிடுங்கள். முடிக்கும்போது ரிமோட்டில் பார்க் அல்லது ஹைபர்னேட் என்று இருந்தால் அதைக் கொடுத்து அணையுங்கள். கருவியை அசைக்காமல் விட்டால் அடுத்த இரவு அலைன்மென்ட் அப்படியே இருக்கும். கீழே எடுத்துப் போய்க் குறியில் திரும்ப வைத்தாலும் முதல் நட்சத்திரத்தைப் பிடிப்பது பாதி வேலைதான்.